பெற்றோரை எதற்காகக் கூப்பிடுகிறோம்?

நடுநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பெற்றோர் கூட்டம் வைத்தால் நன்றாகப் படிக்கிறவர்களின் வீட்டிலிருந்துதான் வருகிறார்கள். யார் வர வேண்டுமோ அவர்கள் வருவதில்லை. போன் செய்தால் எடுப்பதும் இல்லை. அக்கறையே இல்லாத பெற்றோரை வைத்துக்கொண்டு பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது?”

பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். முதலில் ஒன்று: அக்கறை இல்லை என்ற முடிவைச் சற்றுத் தள்ளி வையுங்கள். வராதவர்கள் பக்கம் நின்று பாருங்கள். பள்ளியிலிருந்து போன் வந்தாலே ஏதோ வம்பு என்றுதான் அவர்களுக்குப் பழகிப்போயிருக்கிறது. பையன் யாரையோ அடித்துவிட்டான், மதிப்பெண் குறைந்துவிட்டது, கட்டணம் பாக்கி இருக்கிறது. வருடக்கணக்கில் இதையே கேட்டவர் ஒருநாள் போனை எடுக்காமல் விடுவதில் ஆச்சரியம் என்ன? அவரே சிறுவயதில் வகுப்பில் அவமானப்பட்டவராக இருந்தால் பள்ளி வாசலை மிதிப்பதற்கே மனசு வராது. வேலை நேரம், கைக்குழந்தை, தூரம் எல்லாம் அதற்கு மேல். நன்றாகப் படிக்கிற பிள்ளையின் பெற்றோர் தவறாமல் வருகிறார்கள் என்றால், அங்கே போனால் நல்ல வார்த்தை நாலு காதில் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். அதுவும் ஒரு காரணம்தானே.

அதனால் நான் உங்களுக்குச் சொல்லப்போவதன் சாரம் இதுதான்: பிரச்சினை வருவதற்கு முன்பே அறிமுகம் ஆகிவிட வேண்டும். அதன்பிறகு போகிற செய்தி ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளையைப் பற்றியதாக, அடுத்து என்ன செய்யலாம் என்பதைச் சொல்வதாக இருக்க வேண்டும். இவ்வளவும் பிள்ளைக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பெரும்பாலான பள்ளிகள் விட்டுவிடுகின்றன.

பெற்றோரிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. கூட்டத்துக்கு வருவது, டைரியில் கையெழுத்துப் போடுவது, மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்ய வைப்பது, இவைதான் அக்கறையின் அடையாளம் என்று நினைக்கிறோம். அமெரிக்க ஆய்வாளர்கள் நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் நடுநிலைப் பள்ளி வயது பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்தில் பெற்றோர் உதவுவதற்கும் நல்ல மதிப்பெண்ணுக்கும் சாதகமான தொடர்பு எதுவும் அதில் தென்படவில்லை. அதைவிட வலுவாகத் தெரிந்தது வேறு: படிப்பை வீட்டில் மதிப்பது, பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்று பேசுவது, இன்று படிப்பதை நாளைய ஆசைகளோடு இணைத்துக் காட்டுவது, மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பது.

வீட்டுப்பாட உதவி ஏன் எடுபடவில்லை? தடுமாறுகிற பிள்ளைக்குத்தான் பெற்றோர் அதிகம் உதவப்போகிறார்கள், அதனாலும் கணக்கு அப்படி வரலாம். ஆனால் அது மட்டும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை தன் காரியத்தைத் தானே பார்க்க விரும்புகிறது. பெற்றோர் படித்த முறை வேறு, இப்போது வகுப்பில் சொல்லித்தரும் முறை வேறு. பத்து நிமிடத்தில் அது சண்டையாக மாறுகிறது. அப்புறம் கணக்குப் பாடம் என்றாலே வீட்டில் கத்தல் என்று ஆகிவிடும்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்கூட, இந்த வயதில் எது அதிகம் பயன் தருமோ அதைச் செய்ய முடியும். “இன்னிக்கு எது புரிஞ்சது, எது புரியல?” என்று கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. அதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது நாம்தான். “எங்களுக்குப் படிப்பு இல்லை, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று தயங்கி நிற்கிறவரிடம், பாடம் சொல்லித்தருவது என் வேலை, நீங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள் என்று சொன்னால் அவர் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கும். சின்னப் பிள்ளைகள் விஷயம் வேறு. அங்கே சேர்ந்து வாசிப்பது, எண்ணி விளையாடுவது எல்லாம் நல்ல பலன் தரும். வயதுக்கு ஏற்ப நாம் கேட்பதும் மாற வேண்டும்.

அடுத்து, தகவல். பெற்றோருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் சும்மா இருக்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. டாட் ரோஜர்ஸ், அவி ஃபெல்லர் இருவரும் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் 28,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. தங்கள் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை என்பதைப் பெற்றோர் குறைத்தே நினைத்துக்கொண்டிருந்தார்கள். வருடம் முழுக்கச் சில கடிதங்கள், அவற்றில் பிள்ளை வராத நாட்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான் அனுப்பினார்கள். அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் பீட்டர் பெர்க்மன், எரிக் சான் இருவரும் செய்த சோதனையிலும் இதே கதைதான். எழுதாத வீட்டுப்பாடம், வராத வகுப்பு, குறைந்த மதிப்பெண் இவற்றைப் பெற்றோரின் போனுக்குத் தானாகப் போகும் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். வகுப்புக்கு வருவது 12 சதவீதம் கூடியது, பாடத்தில் தோற்பது கால் பங்குக்கு மேல் குறைந்தது.

செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாத்யூ கிராஃப்ட்டும் ரோஜர்ஸும் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பாடத்தில் தோற்றுப்போய் விடுமுறையில் மறுபடி படிக்கிற உயர்நிலை மாணவர்கள். வாரம் ஒருமுறை, அந்த மாணவனைப் பற்றி ஆசிரியர் எழுதிய ஒரே ஒரு வாக்கியம் வீட்டுக்குப் போகும். தேறாமல் போனவர்கள் 15.8 சதவீதத்திலிருந்து 9.3 சதவீதமாகக் குறைந்தார்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில வீடுகளுக்கு “நன்றாகச் செய்கிறான்” என்ற பாராட்டு மட்டும் போனது. சில வீடுகளுக்கு எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது போனது. இரண்டாவது வகைதான் அதிகம் வேலை செய்தது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: வீட்டில் அதைப் பற்றிப் பேச ஏதோ ஒன்று கிடைக்கிறது.

பாராட்டு வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிமுகத்துக்குப் பாராட்டு தேவை. ஆனால் அதோடு நின்றால் வெறும் நல்ல பெயர்தான் மிஞ்சும். “ரவி கணக்கில் பலவீனம், கவனம் தேவை” என்று எழுதினால் வீட்டில் யாரும் எதுவும் செய்ய முடியாது, திட்டத்தான் முடியும். “ரவி பின்னங்களைக் கூட்டும்போது கீழே உள்ள எண்களையும் கூட்டிவிடுகிறான். நாளைக்கு வகுப்பில் மூன்று கணக்கு போடுகிறோம். எப்படிப் போட்டாய் என்று மாலையில் கேளுங்கள், அவனே விளக்கட்டும்.” இப்படி எழுத இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். அந்த இரண்டு நிமிடம் வீண் போகாது.

இப்போது பிள்ளை. ஆசிரியரும் பெற்றோரும் பேசிக்கொள்வதை மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? தன் தலைக்கு மேலே இரண்டு பெரியவர்கள் சதி செய்வதாகத்தான். “உங்க அம்மாவுக்கு போன் பண்ணட்டுமா?” என்பதை மிரட்டலாகவே நாம் பயன்படுத்திவந்தால் வேறு எப்படி நினைப்பார்கள்? வீட்டுக்குப் போகும் செய்தியை முதலில் பிள்ளையிடமே காட்டுங்கள். “இதைத்தான் உங்க வீட்டுக்கு எழுதப்போறேன், சரியா இருக்கா?” என்று கேளுங்கள். சில நேரம் திருத்தமும் சொல்வார்கள். அந்தத் திருத்தத்தில்தான் உண்மையான காரணம் வெளியே வரும்: கரும்பலகை தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தொந்தரவு செய்கிறான், இரவில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தையும் இதே மாதிரி திருப்பிப் போடலாம். பிள்ளையே நடத்துகிற சந்திப்பு என்று பல நாட்டுப் பள்ளிகளில் வழக்கம் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். மாணவர் தன் வேலைகளில் சிலவற்றை எடுத்துவருவார்: நன்றாக வந்த ஒன்று, சொதப்பிய ஒன்று, திரும்பத் திரும்ப முயன்று பாதி தேறிய ஒன்று. இங்கே என்ன செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன், அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று பெற்றோருக்கு அவரே சொல்வார். ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், கேட்டால் பேசுவார். இதற்கு முந்தைய வாரம் வகுப்பிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும். தயாரிப்பு இல்லாமல் உட்கார வைத்தால் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிடும். இந்தச் சந்திப்புக்கு வருகிற பெற்றோர் வேறு மனநிலையில் வருகிறார்கள். புகார் கேட்க வரவில்லை, தன் பிள்ளை பேசுவதைப் பார்க்க வருகிறார்கள். என் அனுபவத்தில் வருகை கூடுவதற்கு இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். குடும்பம் வேறு மொழி பேசுகிறது என்றால் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக ஆக்கிவிடாதீர்கள். தன் குறையைத் தானே மொழிபெயர்க்கச் சொல்வது கொடுமை. அதோடு, பிள்ளை எதை விட்டுவிட்டுச் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும்! அந்த மொழி தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உள்ள உறவு இல்லாமல் மேலே சொன்னது எதுவும் நிற்காது. டேவிட் யேகரும் ஜெஃப்ரி கோயனும் சகாக்களோடு 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தித் தந்தபோது பாதிப் பேருக்கு ஒரு சின்னக் குறிப்பும் சேர்த்தார்கள். உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், அதை எட்டுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு திருத்தம் எழுதியிருக்கிறேன் என்பது அதன் பொருள். விருப்பமிருந்தால் திரும்ப எழுதலாம் என்றதும், கறுப்பின மாணவர்களில் திரும்ப எழுதியவர்கள் 17 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்கு மேல் போனார்கள். சிறிய ஆய்வுதான், அதை மந்திரம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பள்ளி தன்னை மட்டமாக நினைக்கிறதோ என்ற சந்தேகம் உள்ள பிள்ளைக்குச் சிவப்பு மை எப்படித் தெரியும் என்பதை அது காட்டுகிறது. பெற்றோருக்கும் அதே சந்தேகம் இருக்கலாம். வீட்டுக்குப் போகும் செய்தியில் “அவளால் முடியும் என்பதால் எழுதுகிறேன்” என்ற ஒரு வரி சேர்த்தால் தொனியே மாறிவிடும். உண்மையாகவே நம்பினால் மட்டும் எழுதுங்கள். பொய்யாக எழுதினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தகவல் இதுவரை பள்ளியிலிருந்து வீட்டுக்குத்தான் போனது. எதிர்த்திசையிலும் வர வேண்டும். லூயிஸ் மோல், நார்மா கொன்சாலெஸ் குழுவினர் அரிசோனாவின் டூசானில் செய்த வேலை இதற்கு நல்ல உதாரணம். அவர்களின் முக்கியமான கட்டுரை 1992இல் வந்தது. மெக்சிகோ வழிக் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்கள் போனார்கள், கற்றுக்கொள்வதற்காக. விவசாயம், கட்டடவேலை, வியாபாரம், கைவைத்தியம் என்று ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு அறிவு கிடக்கிறது என்று பார்த்துத் திகைத்தார்கள். மெக்சிகோவுக்குப் போய்வரும்போது மிட்டாய் வாங்கிவந்து விற்கிற ஒரு பையனைப் பற்றித் தெரிந்துகொண்ட ஆசிரியை, மிட்டாயை வைத்தே ஒரு பாடத்திட்டம் அமைத்தார்: அதில் என்னென்ன சேர்கிறது, எப்படிச் செய்கிறார்கள், எப்படி விற்கிறார்கள். மிட்டாய் செய்யத் தெரிந்த ஒரு தாயார் வகுப்புக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். அதுவரை பள்ளிக்கு ஒன்றும் தரத் தெரியாதவர் என்று எண்ணப்பட்டிருக்கக்கூடியவர், அன்று வகுப்பில் ஆசிரியர்.

வீட்டுக்குப் போவது எல்லோருக்கும் ஒத்துவராது. அதையே முறைப்படி செய்கிறவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் 1998இல் தொடங்கிய வீட்டுச் சந்திப்பு முறையின் விதிகள் கவனிக்கத்தக்கவை. இரு தரப்புக்கும் விருப்பம் இருந்தால் மட்டுமே போவார்கள். இருவராகத்தான் போவார்கள். அந்த நேரத்துக்கு ஆசிரியருக்கு ஊதியம் உண்டு. பிரச்சினைப் பிள்ளைகளின் வீடு என்று பொறுக்கி எடுக்க மாட்டார்கள்; அப்படிப் பொறுக்கினால் வாசலில் ஆசிரியர் நின்றாலே பக்கத்து வீட்டுக்காரர் அர்த்தம் கற்பித்துவிடுவார். முதல் சந்திப்பில் மதிப்பெண் பேச்சே கிடையாது. பிள்ளையைப் பற்றி உங்கள் ஆசை என்ன என்று கேட்பார்கள்.

வீட்டுக்குப் போக முடியாவிட்டால் அந்தக் கேள்வியைப் போனில் கேளுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது பிள்ளைகள், ஒரு நாளைக்கு இரண்டு போன், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். வேலை நாள் இருபதில், அதாவது நான்கு வாரத்தில் முடிந்துவிடும். வருடத்தின் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். “நான் வகுப்பாசிரியை பேசறேன், ஒண்ணும் பிரச்சினை இல்லை” என்றுதான் முதல் வாக்கியம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எதிர்முனையில் மூச்சு நின்றுவிடும். பிள்ளை வீட்டில் எதை விரும்பிச் செய்கிறாள், எதைக் கண்டு பயப்படுகிறாள், உங்களைக் கூப்பிட எந்த நேரம் வசதி, போனா செய்தியா, வேறு யாரிடம் பேசலாம் என்று கேளுங்கள். அப்பா அம்மாதான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாட்டியோ, அக்காவோ, மாமாவோ பிள்ளையின் படிப்பைப் பார்த்துக்கொள்கிற வீடுகள் நிறைய. பதில் வராத வீடுகளில் பாதி, நாம் தவறான ஆளைத் தவறான நேரத்தில் கூப்பிடுகிற வீடுகளாகத்தான் இருக்கும்.

வாட்ஸ்அப் குழு பற்றிக் கேட்பீர்கள். அறிவிப்புக்கு அது போதும், உறவுக்கு உதவாது. ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணையோ நடத்தையையோ குழுவில் போடவே கூடாது. இரவு பத்து மணிக்கு வருகிற கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. எந்த நேரத்தில் பதில் சொல்வீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் தவறாமல் சொல்லுங்கள். ஆண்டனி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் சிகாகோவின் 400க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை 1990களில் ஆராய்ந்தபோது, ஆசிரியர், பெற்றோர் போன்றோர் ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டுக்கு ஒன்று முன்னேறியதையும், மிகவும் பலவீனமாக இருந்தவற்றில் ஏழுக்கு ஒன்றுதான் முன்னேறியதையும் கண்டார்கள். நம்பிக்கை என்று அவர்கள் சொன்னது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை: மரியாதை, வேலையில் திறமை, மனிதர் மேல் அக்கறை, சொன்னதைச் செய்வது. “நாளைக்குக் கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டு நாளைக்கே கூப்பிடுவது அதில் அடக்கம்.

சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில வீடுகளில் நம் செய்தி அடியாக மாறும். நல்லெண்ணத்தோடு எழுதிய வரிக்காக மறுநாள் பிள்ளை தழும்போடு வரலாம். முதல் போனிலேயே அந்த வீட்டின் தொனி ஓரளவு பிடிபடும். பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள்: “நான் வீட்டுக்குச் சொன்னால் என்ன நடக்கும்?” பதில் சொல்லத் தயங்கினாலே புரிந்துகொள்ளலாம். அங்கே புகாராகப் படக்கூடிய எதையும் அனுப்பாதீர்கள். சிக்கலைப் பள்ளிக்குள்ளேயே பிள்ளையோடு சேர்ந்து சரிசெய்யப் பாருங்கள். வீட்டோடு பேசுவது முன்னேற்றத்தைப் பற்றி மட்டும் இருக்கட்டும். அடி நிஜம் என்று தெரிந்தால் அதை நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது. தலைமையாசிரியரிடமும், பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடமும் எடுத்துச் செல்ல வேண்டும். இங்கே பெற்றோரோடு உள்ள நல்லுறவைவிடப் பிள்ளை முக்கியம்.

இன்னொன்று, பல பள்ளிகளில் செய்யாமல் விட்டுவிடுவது. வருடம் முடிந்து பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போகும்போது, நீங்கள் சேர்த்து வைத்த அறிமுகம் முழுவதும் உங்கள் தலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அடுத்த ஆசிரியர் சுழியிலிருந்து தொடங்குகிறார். பெற்றோரும் அதே கதையை இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: யாரைக் கூப்பிட்டால் பேசுவார்கள், எந்த நேரத்தில், பிள்ளைக்கு எது பிடிக்கும், எந்த மாதிரி சொன்னால் கேட்டுக்கொள்கிறாள், இந்த வருடம் எது எடுபட்டது. சோம்பேறி, முரடன், அக்கறையில்லாத குடும்பம் மாதிரியான முத்திரைகளை அதில் எழுத வேண்டாம். எழுதியதை ஒருமுறை பிள்ளைக்கும் வாசித்துக்காட்டிவிட்டுக் கொடுங்கள்.